சால் முடியட்டும்

இந்த ஊரில் ஒருவரைப் போனில் கூப்பிடுவதற்கு முன்னால், கூப்பிடலாமா என்று கேட்டு ஒரு செய்தி அனுப்புகிறார்கள். அயர்லாந்துக்கு வந்து, கார்க் என்ற இந்த நகரத்தில் குடியேறி இத்தனை வருஷம் ஆகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் என்னோடு வேலை செய்கிறவர் பாட். அவருடைய கூடப்பிறந்த அக்காவே அப்படித்தான் கேட்கிறார்: "இப்போது பேச முடியுமா?" பாட் கையைத் துடைத்துக்கொண்டு, "அரை மணி கழித்து" என்று பதில் தட்டுவார். யாராவது இறந்துபோனால்கூட முன்அனுமதி வாங்கித்தான் சொல்வார்களோ என்று எனக்குக் கவலை வந்துவிடும். எனக்கு எதற்கெடுத்தாலும் கவலைதான். கேஸை அடைத்தேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான்.

என் போன் தினமும் மத்தியானம் ஒன்றரை வாக்கில் அடிக்கும். காசி என்று பெயர் வரும். இரண்டு ரிங் வந்ததும் கட் பண்ணிவிடுவேன். பிறகு நான் ஒரு ரிங் கொடுப்பேன், அவன் அங்கே கட் பண்ணுவான். கள்ளக்குறிச்சியில் அது பொழுது சாய்கிற நேரம். காசி வேலை முடிந்து வந்து கைகால் கழுவிவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். நான் இருக்கேன், நீ இருக்கியா, இருக்கேன். இவ்வளவுதான் சேதி, அதற்கு இவ்வளவு போதும். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு மிஸ்டு கால் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. பாட் மாதிரி ஆளுக்குத்தான் விளக்கியிருக்க வேண்டும்.

"அந்த மனிதரோடு உனக்கு என்ன சண்டை?" என்று ஒரு நாள் கேட்டார்.

"சண்டை இல்லை. நண்பன்."

"அவர் தினமும் கூப்பிடுகிறார், நீ தினமும் முகத்தில் அடித்த மாதிரி வைத்துவிடுகிறாய். பாவம்."

"அவர் நன்றாக இருக்கிறார்" என்றேன். பாட் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். இங்கே அதற்கு ஆறுதல் என்று அர்த்தம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன்.

காசியை எனக்குக் கொடுத்தது கரும்புக் காடு. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோமுகி அணைத் தண்ணீரில் கண்ணுக்கெட்டிய வரை கரும்பு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் வெட்டுக் கூட்டத்தில் சேர்ந்தேன். கூட்டத்தில் ஊர்த்தெரு ஆட்களும் உண்டு, காலனி ஆட்களும் உண்டு. காசி காலனி, என் வயதுதான். ஜோடி ஜோடியாக நின்றுதான் வெட்டுவோம், எனக்கு ஜோடி அவன். தெருவில் எதிர்ப்பட்டால் என்னை 'வாங்க' என்பான். கரும்புக்குள் போய்விட்டால் 'டேய்' என்பான். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

வெட்டுக்கு வந்த கரும்பு ஆளைவிட உயரம். ஒவ்வொரு வரிசையையும் சால் என்போம். ஆளுக்கு ஒரு சால் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டால் பக்கத்துச் சாலில் இருக்கிறவன் தெரியமாட்டான். காய்ந்த சோகை இலை உரசுகிற சத்தமும் கத்தி விழுகிற சத்தமும்தான். அதனால் குரல் கொடுப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. அவ்வப்போது ஒருவன் "ஓ…ய்" என்பான். அடுத்த சாலில் இருக்கிறவன் "ஓ…ய்" என்பான். அதில் வார்த்தை கிடையாது. பாம்பு கடித்து விழவில்லை, கத்தி காலில் இறங்கவில்லை, ஆள் இருக்கிறான் என்று தெரிந்தால் சரி. பதில் வராவிட்டால் அத்தனை பேரும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் பெரிய போராட்டம் நடந்தது அந்த வருஷங்களில்தான். சின்னசேலம் போகிற ரோட்டில் புளியமரங்கள் வெட்டிக் குறுக்கே கிடந்தன. பஸ் ஓடவில்லை. போலீஸ் வேன் வருகிறது என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் கரும்புக்குள் புகுந்துகொள்வோம். கோஷம் போட்டவன் யார், போடாதவன் யார் என்று வேனில் வருகிறவர்கள் பார்க்கப் போகிறார்களா? நான் போடாதவன், பயந்து வீட்டுக்குள் கிடந்தவன். ஆனாலும் ஓடினேன். சோகைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்துக் கிடந்த அந்த நாட்களுக்குப் பிறகு, கரும்புக்குள் கால் வைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்க்கும். காது அடைக்கும். இதோ, இந்த இடத்திலேயே சாகப் போகிறேன் என்று தோன்றும். போராட்டம் அடங்கி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் என் நெஞ்சு மட்டும் அடங்கவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறங்கும். விடிகாலையில் வெட்டுக்குப் போகிறவர்கள் உடம்பு வலிக்கு என்று கொஞ்சம் ஊற்றிக்கொள்வது உண்டு. நான் நெஞ்சுக்காக ஊற்றிக்கொண்டேன். பொய் சொல்வானேன், அது கேட்டது. வயிற்றுக்குள் இறங்கின கொஞ்ச நேரத்தில் யாரோ என் மார்பு மேலிருந்து காலை எடுத்த மாதிரி இருக்கும். அதுதான் அதிலுள்ள மோசம். மறுநாள் காலையில் அந்தக் கால் இன்னும் அழுத்தமாக வந்து உட்காரும். அதை இறக்க இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். கரும்பைக் கட்டுக் கட்டுகிற தனம் என்ற பெண்ணின் வாய் சும்மா இருக்காது. "இன்னா ஏழுமல, பல்லு வெளக்கறதே அதுலதானா?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்பாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன்.

ஒரு நாள் கத்தி என் காலிலேயே இறங்கியது. காசி துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"எத்தினி ஊத்தினே?"

"ஒன்னே ஒன்னுதான்."

"பொய்யி. இன்னாடா பயம் உனுக்கு?"

"பயமா? எனுக்கா?"

"கத்தி ஆடுதுடா. பக்கத்துச் சால்ல இருந்துகினு எனுக்குக் கேக்காதா? வெட்டு வுழற சத்தமே ஒரு தினுசா கீது."

அவன் அதற்குமேல் துருவவில்லை. கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, "நாளிலேர்ந்து நீ நடு சால்ல நில்லு. நெஞ்சு எகிறிச்சின்னா கொரல் குடு, நான் குடுக்கறேன். குடிக்கணும்னு தோணிச்சா, சால் முடியட்டும். முடிஞ்சப்புறம் வோணும்னா நானே ஊத்திக் குடுக்கறேன்" என்றான்.

நடுச் சால், இரண்டு பக்கமும் ஆள் இருக்கும் என்பதால், புதிதாக வந்தவர்களுக்கு விடுவது. எனக்கு அது கௌரவக் குறைச்சல்தான், ஆனாலும் நின்றேன். நெஞ்சு எகிறும்போது "ஓ…ய்" என்பேன். எல்லாரும் கொடுக்கிற குரல்தானே, அதில் பயம் இருக்கிறது என்று காசியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவன் "ஓ…ய்" என்பான். சால் முடிந்து வெளிச்சத்துக்கு வரும்போது பாதி நாள் அந்த வேகம் தணிந்திருக்கும். மீதி நாள் குடித்தேன். காலையில் கை நடுக்கம் ஜாஸ்தியானபோது அவன்தான் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினான். ஒரேயடியாக நிறுத்தாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, இந்த மாத்திரையைப் போடு என்றார் டாக்டர்.

நான் குறைத்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில் ஊருக்கும் காலனிக்கும் பேச்சு நின்றுபோனது. போராட்டத்தோடு வந்த கசப்பு, போராட்டத்தோடு போகவில்லை. மேஸ்திரி வெட்டுக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். ஊர்த்தெரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், காலனி அந்தப் பக்கம். முதல் நாளே என் நெஞ்சு எகிறியது. என்னை அறியாமல் குரல் கொடுத்தேன். பக்கத்துச் சாலில் இருந்தவன் வழக்கப்படி பதில் சொன்னான். கொஞ்சம் கழித்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்றில் பாதி கரைந்து ஒரு "ஓ…ய்" வந்தது.

"எவனுக்குடா அங்கேர்ந்து கொரல் குடுக்கறானுங்க?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

எனக்குத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் திரும்பக் குரல் கொடுத்தேன். அந்த வெட்டு முடிகிற வரைக்கும் வாய்க்காலைத் தாண்டி அது போய்வந்துகொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை. கரும்புக்குள் ஒரு குரல் கேட்டால் பதில் கொடுக்காமல் இருப்பது யாராலும் முடியாத காரியம்.

பிறகு, குடி ஒருவழியாக நின்றபின், நான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனுக்குச் சமையல் வேலைக்குப் போனேன். அங்கே நர்ஸாக இருந்த நாகர்கோவில்காரி ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது, அவள் புருஷன் என்ற தகுதியில் எனக்கும் விசா கிடைத்தது. காசி, மகன் வீட்டோடு கள்ளக்குறிச்சி டவுனுக்குள் இருக்கிற கருணாபுரத்துக்குப் போய்விட்டான். கையில் போன் வந்த நாளிலிருந்து இந்த ரிங்.

கருணாபுரத்தில் சாராயம் குடித்து வரிசையாகச் செத்தார்கள் என்ற செய்தி வந்த அன்றைக்கு மத்தியானம் என் போன் அடிக்கவில்லை. நான் ரிங் கொடுத்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி கொடுத்தேன். சூப்பை அடிப்பிடிக்க விட்டேன். பாட் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மீதி வேலையைத் தானே செய்தார். சாயங்காலம் ரிங் வந்தது. அன்றைக்கு மட்டும் நான் கட் பண்ணவில்லை, எடுத்துப் பேசினேன்.

"குழி வெட்டப் போயிருந்தேன்டா. போன வூட்லயே வச்சிட்டேன்" என்றான் காசி.

அந்த வாரத்தில்தான் எங்கள் தெருமுனை மாதா கோயில் ஹாலில் ஒரு அறிவிப்பைப் பார்த்தேன். பதற்றத்தையும் மனச்சோர்வையும் சமாளிக்கக் குடிக்கிற இளவயதுக்காரர்களுக்கு செவ்வாய்க்கிழமைகளில் ஒரு கூட்டம் நடக்கிறது, டீ போட ஆள் தேவை என்று இருந்தது. ஒன்பதாவது படித்தவனுக்கு டீ போடுவதில் தயக்கம் ஏன் என்று போய்ச் சேர்ந்தேன்.

கூட்டத்தை நடத்துகிற ஓர்லா, மனநல நர்ஸ். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, "இன்றைக்கு உங்கள் பதற்றம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்பார். பயத்துக்கு மார்க் போடச் சொல்கிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும். பேக்கரி ஒன்றில் வேலை செய்கிற நீவ் என்ற பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், எப்போதும் "ஐந்து" என்பாள். வேலைக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலில் வோட்கா கொண்டுபோய்க்கொண்டிருந்தவள். ஓர்லா அவளை டாக்டரிடம் அனுப்பி, மருத்துவ உதவியோடு நிறுத்த வைத்திருந்தார். நிறுத்தியும் பயம் நிற்கவில்லை. பிஸ்கட் தட்டை நீட்டும்போது ஒரு நாள் கேட்டேன், "ஏன் எப்போதும் ஐந்து?"

"ஐந்து சொன்னால் அடுத்த கேள்வி வராது."

அவளை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போனது. "நாலு பேர் இருக்கிற அறைக்குள் போகணும் என்றால் எனக்கு மூச்சு முட்டுகிறது. கொஞ்சம் குடித்தால் போய்விடுவேன். சரி, குடிக்கவில்லை. அப்போ எப்படிப் போவது? அதை யாரும் சொல்வதில்லை" என்றாள். கப் கழுவிக்கொண்டே என் அரைகுறை இங்கிலீஷில் அவளுக்குக் கரும்புக் காட்டைச் சொன்னேன். குரல் கொடுப்பதை, நடுச் சாலை, சால் முடியட்டும் என்றதை.

"உள்ளே பாம்பு இருக்குமா?"

"இருக்கும்."

"அப்போ நீ பயந்தது சரிதானே" என்றாள். இதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஓர்லாவிடம் கேட்டுக்கொண்டுதான் நீவுக்கு என் போன் நம்பரைக் கொடுத்தேன். "குடிக்கணும் என்று தோன்றினால் ஒரு ரிங் கொடு. பேச வேண்டாம். நான் பதில் கொடுப்பேன். பிறகு கையில் இருக்கிற வேலை முடியட்டும், அது என்னவோ அது." பேச வேண்டாம் என்றதும் அவள் முகம் தெளிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பேக்கரியில் யாருக்கோ பிரிவு விருந்து, ஒரு பப்பில். குடிக்காமல் அவள் போகிற முதல் இடம். நான் இல்லத்துப் பெரியவர்களுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, நீவ். எனக்குத் தாளாத சந்தோஷம். இரண்டாவது ரிங்கில் கட் பண்ணினேன். உடனே ஒரு ரிங் கொடுத்து, அவளுக்கு வேலை வைக்காமல் நானே நிறுத்தினேன். கேட்டது, இருக்கேன், சால் முடியட்டும். அந்த உற்சாகத்தில் உருளைக்கிழங்குக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அதற்குமேல் ரிங் வரவில்லை. பெண் தாண்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. ஓர்லா பேசிப்பார்த்ததில் உயிரோடு, வீட்டில் இருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று ஸ்டெல்லாவைக் கேட்க வேண்டும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதவோரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் குடித்துவிட்டேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ வைத்துவிட்டாய்" என்றாள்.

"எதை?"

"போனை. மழையில் வெளியே நின்று கூப்பிட்டேன். நீ வைத்துவிட்டாய். அப்புறம் நீயே கூப்பிட்டு, நான் எடுப்பதற்குள் மறுபடியும் வைத்தாய். கேலி செய்கிற மாதிரி."

"நான் பதில் கொடுத்தேனே" என்றேன். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பாட் எனக்குப் போட்டுக் கொடுத்த அந்த டீ அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் 'இருக்கேன்' என்று சொல்கிற அதே வழிதான், இந்த ஊரில் 'போ' என்று சொல்கிற வழி. கப் நிரம்பி வழிவதைப் பார்த்து ஓர்லாதான் கெட்டிலை வாங்கி வைத்தார்.

வார்த்தை போதாமல், போனை எடுத்துக் காசியின் பெயரைக் காட்டினேன். வரிசையாக, நாள் தவறாமல், எடுக்கப்படாத அழைப்புகள். "இவன் என் நண்பன். ஒரு நாளும் நாங்கள் எடுப்பதில்லை. எடுத்தது ஒரே நாள்தான், அன்றைக்கு அவன் ஊரில் நிறையப் பேர் செத்துப்போயிருந்தார்கள்."

நீவ் போனை வாங்கிக் கீழே கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"ஆக, நீ வைத்தால் நீ இருக்கிறாய் என்று அர்த்தம்."

"ஆமாம்."

"பைத்தியக்காரத்தனம்" என்றாள். பக்கத்தில் இருந்த பையன் முதலில் சிரித்தான். அப்புறம் அவனே தன் போனை எடுத்து எதிரில் இருந்தவனுக்கு ஒரு ரிங் கொடுத்தான், அவன் கட் பண்ணினான். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க ரிங் அடிப்பதும் அறுபடுவதுமாக ஒரே அமளி. ஓர்லா அன்றைக்குப் பதற்ற நம்பர் கேட்பதை விட்டுவிட்டார். நீவ் சிரிக்கவில்லை. ஆனால் கோட்டைக் கழற்றினாள்.

அவளுடைய அண்ணன் கல்யாணம் அடுத்து வந்தது. பெரிய ஓட்டல், மேஜைக்கு மேஜை வைன். அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒரு ரிங். கட் பண்ணி, பதில் ரிங் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கம் கட் பண்ணினாள். மத்தியானம் மறுபடி மறுபடி வந்தது.

"இந்த வயசுல யாருக்கு இப்பிடி மிஸ்டு கால் அடிச்சிட்டு இருக்கிய?" என்றாள் ஸ்டெல்லா.

"சும்மா இரு. அந்தப் பொண்ணு இப்ப அறைக்குள்ள போவுது."

பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. நான் கேஸைப் போய்ப் பார்த்தேன். கதவைப் பார்த்தேன். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். பொழுது இறங்குகிற நேரத்தில் அடித்தது. கட் பண்ணி ரிங் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் கட் பண்ணவில்லை, எடுத்துவிட்டாள். பின்னால் பாட்டுச் சத்தம், காற்றுச் சத்தம், யாரோ காரின் கதவைச் சாத்துகிற சத்தம். ஓட்டலுக்கு வெளியே நிற்கிறாள் போலிருக்கிறது. பிறகு, இந்த ஊர் நாக்கில் கொஞ்சம் கோணலாக, "ஓ…ய்" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கார்க் நகரத்தில் மூன்றாவது மாடியில், ஜன்னல் பக்கம் திரும்பி, கரும்புக்குள் கொடுக்கிற அதே கனத்தில் "ஓ…ய்" என்று கொடுத்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் கட் பண்ணிவிட்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை ஓர்லா கேட்டார், "கல்யாணத்தன்று எவ்வளவு?"

"ஒன்பது" என்றாள் நீவ். அந்த ஹாலில் அவள் சொன்ன முதல் உண்மையான நம்பர் அது. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"குடித்தாயா?"

"இல்லை. சால் முடியட்டும் என்று இருந்தேன்." சால் என்ற சொல்லை அப்படியே தமிழில் சொன்னாள்.

இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குப் பயம். அவள் பயம் போய்விடவில்லை, என்னுடையதும்தான். சில நாள் அவள் ரிங் வேலைக்கு நடுவில் வருகிறது, சில நாள் பஸ்ஸில். நேற்று பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். ஒன்றரைக்குக் காசியின் ரிங் வந்தது. கட் பண்ணினேன். அவனுக்கு ரிங் கொடுத்துவிட்டு போனைப் பைக்குள் வைப்பதற்குள் நீவ். கட் பண்ணினேன், கொடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மழை இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு நின்றது. அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான், இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பேருமே கண்ணுக்குத் தெரியவில்லை. நான் நடுச் சாலில் நின்றிருந்தேன்.